டிரைவர் போடாமல் போன கம்ப்யூட்டர்

அறந்தாங்கியில் எங்கள் கம்ப்யூட்டர் கடைக்கு முதலாளி நான். அப்படித்தான் போர்டில் எழுதியிருக்கிறது. வேலை தெரிந்தவள் என் மனைவி பிரகதீஸ்வரி. திருமயத்துக்காரி, டிப்ளமோ படித்துவிட்டு எனக்குக் கழுத்தை நீட்டினாள். பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறாள். நான் வருகிறவர்களிடம் வாயடிக்கிறேன். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறையில்லை.

சண்டை வருவது ஒரே விஷயத்தில்தான். விண்டோஸ் ஏற்றியதும் படம் தெரிகிறது, பாட்டுக் கேட்கிறது. கொடுத்தனுப்ப வேண்டியதுதானே? மாட்டாள். மதர்போர்டு கம்பெனியின் இணையதளத்துக்குப் போய் சிப்செட் டிரைவர் என்ற மென்பொருளைத் தேடி இறக்கிப் போட்டால்தான் அவளுக்கு நிம்மதி. மதர்போர்டில் உள்ள பாகங்கள் எப்போது ஓய வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்று விண்டோசுக்குச் சரியாகச் சொல்வது அதுதானாம்.

"பாதிய விண்டோஸே போட்டுக்கிருமே?" என்பேன்.

"மீதிய யாரு போடுவா?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வெள்ளிக்கிழமை ஒரு பிரிண்டரைச் சரிபார்க்கப் புதுக்கோட்டை கிளம்பினாள். "வல்லத்திராக்கோட்டை கம்ப்யூட்டருக்கு இன்னும் டிரைவர் போடலங்க. குடுத்துறாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். பத்து மணிக்கு அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரர் அமிர்தவல்லி ஆட்டோவோடு வந்து நின்றார். கணவர் குவைத்தில் இருக்கிறார். மகள் சத்யாவுக்காக வாங்கியது.

"பத்தரைக்கு ராகுகாலம் தம்பி. அதுக்குள்ள கெளப்பிரணும். திங்கக்கெழம மூணு மணிக்குப் புள்ளைக்கு ஆன்லைன்ல இன்டர்வியூ" என்றார்.

ராகுகாலத்தோடு மல்லுக்கட்ட நான் யார்? தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வந்தவள் கம்ப்யூட்டர் இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். நேரே போனை எடுத்தாள். "நல்லா ஓடுது தாயி" என்றார் அமிர்தவல்லி. எனக்குக் கொண்டாட்டம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதைச் சொல்லியே அவளைச் சீண்டினேன்.

திங்கட்கிழமை மதியம் அவள் டிரைவரை ஏற்றிய பென்டிரைவோடு ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறினேன்.

"ஓடுற கம்ப்யூட்டருக்கு எதுக்கு இம்புட்டுத் தூரம் போகணும்? ஏதாச்சும்னா அவங்களே கூப்புட மாட்டாங்களா?" என்றேன்.

"கூப்புட மாட்டாங்கங்க. நமக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு நெனச்சு மூடி வச்சுருவாங்க."

வல்லத்திராக்கோட்டையில் அமிர்தவல்லி வீட்டில் கம்ப்யூட்டர் ஒரு துண்டால் மூடியிருந்தது. அமிர்தவல்லி காப்பி போட உள்ளே போனதும் சத்யா மெதுவாகச் சொன்னாள்:

"சனிக்கெழம சாப்புடப் போயிட்டு வந்து பாத்தா இருட்டா இருந்துச்சுக்கா. எந்த பட்டன அமுக்குனாலும் வரல. ஆப் பண்ணிப் போட்டா வருது, கொஞ்ச நேரம் விட்டா மறுபடியும் அப்படியே ஆயிருது. அப்பா வெயில்ல கெடந்து வாங்கிக் குடுத்தது, ரெண்டே நாள்ல கெடுத்துட்டேன். அம்மாட்ட இன்னும் சொல்லல. இன்டர்வியூ நடுவுல போயிருச்சுன்னா? வரலன்னு மெயில் போட்டுறலாம்னு இருக்கேன்."

பிரகதீஸ்வரி துண்டை எடுத்து மடித்து வைத்தாள். பென்டிரைவைச் செருகி டிரைவரைப் போட்டாள், ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தாள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்டுத் தூங்க வைத்துவிட்டு, "இப்ப தட்டும்மா" என்றாள்.

சத்யா பயந்துகொண்டே ஒரு விரலால் தட்டினாள். திரை வந்தது. மறுபடியும் தூங்க வைத்தார்கள், மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை சத்யா தானே செய்து பார்த்தாள்.

"அப்ப நான் கெடுக்கலையாக்கா?"

"நீ ஒண்ணுமே பண்ணலம்மா. டிரைவர் இல்லாததால தூங்குனது எந்திரிக்கல, அவ்வளவுதான்" என்றாள் பிரகதீஸ்வரி. என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பி முறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"நான்தாம்மா. குடுக்காதீங்கன்னு அக்கா படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போச்சு. நான்தான் கேக்காம குடுத்து விட்டுட்டேன்" என்றேன்.

சத்யா திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ அடுப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, நான் கெடுக்கல!" என்று கத்தினாள்.

"என்னத்தடி கெடுக்கல?" என்றபடி காப்பியோடு வந்தார் அமிர்தவல்லி. இன்டர்வியூவுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. சத்யா முகம் கழுவ ஓடியிருந்தாள்.