ராவுத்தருக்கு ராகமில்லாமல் அழுதது

எங்கள் ஊரில் சாவது ஒன்றும் லேசான காரியமில்லை. செத்த அன்றைக்கு அழுவது, பதினாறாம் நாள் அழுவது எல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் ஊரில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. தைப்பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கூடி, அந்த வருஷம் ஆளைப் பறிகொடுத்த வீடுகளுக்கு வரிசையாகப் போவார்கள். போய், செத்தவருடைய கதையை ஆதியிலிருந்து சொல்லி ஒரு பாட்டம் அழுதுவிட்டு வருவார்கள். அப்படி அழுது முடித்தால்தான் மறுநாள் ஊரில் பொங்கல் பானை ஏறும். பொங்கலழுகை என்று அதற்குப் பேர்.

அந்த அழுகைக்கு எங்கள் பெரியம்மாதான் தலைமை. அப்பாவுடைய அண்ணன் சம்சாரம். அவளுடைய நாக்கு சாதாரண நாளில் ஊரைப் போட்டுப் புரட்டி எடுக்கும். அதே நாக்கு சாவு வீட்டில் தேனாய் வழியும். உயிரோடு இருக்கும்போது நல்ல பேர் எடுக்க வக்கில்லாதவர்கள்கூட செத்தபிறகு பெரியம்மா வாயால் எடுத்துவிடுவார்கள். கீழத்தெருவில் ஒரு கிழவர் இருந்தார். தன் கிணற்றில் யாரையும் ஒரு வாளி இறைக்கவிடமாட்டார். 'கருமி' என்று பெரியம்மா அவரை முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷன் போனதும், தாகமென்று வந்தவருக்கெல்லாம் தண்ணீர் வார்த்த தர்மப்பிரபு என்று அவள் ராகம் போட்டு அழுத அழுகையைக் கேட்டு, கிழவருடைய சம்சாரமே ஒருதரம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வந்தவர்கள் வீடு மாறி உட்கார்ந்துவிட்டார்களோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

என் அம்மாவுக்கு இந்தச் சாமர்த்தியம் எதுவும் கிடையாது. குரலும் கிடையாது. கூட்டத்தோடு சேர்ந்து அழுதாலும் அவள் குரல் மட்டும் எண்ணெய் போடாத வண்டி அச்சு மாதிரித் தனியாகக் கேட்கும். பெரியம்மா அவளைக் கடைசி வரிசையில் உட்கார்த்தி, வாயைத் திறக்காமல் அழு என்று சொல்லிவைத்திருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னொருத்தர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் ராவுத்தரம்மா. எங்கள் ஊரில் இருந்த ஒரே பலசரக்குக் கடை ராவுத்தருடையது. கடைக்குப் பின்னாலேயே வீடு. ராவுத்தரம்மா ஊர்ச் சாவுக்கெல்லாம் வருவார், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். கடைசி வரிசையில் அந்த இரண்டு பேருக்கும் நல்ல சிநேகம்.

நான் சொல்லும் வருஷம் எனக்கு எட்டு வயசோ ஒன்பதோ. ஐப்பசி அடைமழையில் கோவில்பட்டியிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு வந்த ராவுத்தரின் வண்டி கரிசல் சேற்றில் புதைந்துவிட்டது. அச்சு முங்கிப்போன வண்டியை விட்டுவர மனசில்லாமல் பொழுதெல்லாம் நனைந்துகொண்டு நின்றிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த காய்ச்சல் அவரை விடவில்லை. கடைப் பலகை சாத்தினது சாத்தினபடியே கிடந்தது. உப்புக்கும் சீமெண்ணெய்க்கும் பக்கத்து ஊருக்கு நடந்தோம். ராவுத்தரம்மா இத்தா இருந்தார். புருஷன் போனபிறகு அவர்களில் பெண்கள் நாலு மாசத்துக்கு மேல் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பார்கள். அது முடிந்ததும் அவரையும் பெண்பிள்ளைகளையும் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய்விடுவதாக ராவுத்தரின் தம்பி சொல்லியிருந்தார்.

மார்கழி கடைசியில் ஒருநாள் அம்மா ராவுத்தரம்மாவைப் பார்த்துவிட்டு வந்து பெரியம்மாவிடம் தயங்கித் தயங்கி ஒரு சங்கதி சொன்னாள். பொங்கலழுகைக்கு ஊரார் தன் வீட்டுக்கும் வருவார்களா என்று ராவுத்தரம்மா கேட்டிருக்கிறார். இத்தனை வருஷம் எல்லார் வீட்டுக்கும் தான் வந்ததாகவும், தன் வீட்டு ஆளையும் ஊர் ஒருதரம் உட்கார்ந்து நினைத்துவிட்டால், பிறகு எங்கே போய் இருந்தாலும் மனசு ஆறிக்கொள்ளும் என்றும் சொல்லியிருக்கிறார். பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இதை ஒருத்தி கேட்கவும் வேண்டுமா, ராவுத்தர் என்ன அசலூர் ஆளா என்று அம்மாவைத்தான் பிடித்து ஏசினாள். அம்மா எது சொன்னாலும் அவளுக்கு ஏச்சுத்தான் விழும். அது எங்கள் வீட்டு வழக்கம்.

அந்த நாளும் வந்தது. கீழத்தெருக் கிழவருக்கு முதலில் அழுது முடித்துவிட்டு, கூட்டம் ராவுத்தர் வீட்டுக்குப் போயிற்று. கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார்கள். நான் அம்மாவோடு கடைசியில் உட்கார்ந்தேன். அழுகை முடிந்தால் அந்த வீட்டில் பேரீச்சம்பழம் கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு பிள்ளைகளிடையே இருந்தது. பெரியம்மா தொண்டையைச் செருமி முதல் ராகத்தை இழுக்கப் போனாள். அந்தச் சமயம் பார்த்து ராவுத்தரின் தம்பி வேகமாக உள்ளே வந்தார். நல்ல மனுஷர், பாவம். கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"தாயி, தப்பா நெனைக்காதிய. நீங்க எல்லாரும் வந்ததே எங்களுக்குப் பெருசு. ஆனா எங்க மார்க்கத்துல சத்தம் போட்டு அழக்கூடாது. அழுதா போனவியளுக்குத்தான் வேதனை."

கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழாமல் எழுந்து போனால் ராவுத்தர் வீட்டை ஊர் ஒதுக்கிவிட்டது என்று ஆகும். அழுதால் ராவுத்தருக்கே வேதனை. பாதி சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் ராவுத்தரம்மா நிற்பது, கீழே தெரிந்த சேலை ஓரத்தில் தெரிந்தது. அந்தச் சேலை ஓரம் அசையவே இல்லை.

பெரியம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்பொ ராகம் வேண்டாம். சும்மா வாயால சொல்லுதோம். சொல்லலாமில்லா?" என்று கேட்டாள். சொல்லலாம் என்றார் தம்பிக்காரர்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பெரியம்மாவுக்கு வார்த்தை வரவில்லை. ராகத்தைப் பிடித்துக்கொண்டு விடிய விடியச் சொல்லுகிறவள், ராகத்தைக் கழற்றிவிட்டதும் பேச்சுப் போட்டிக்குப் போய் மறந்துவிட்ட பிள்ளை மாதிரி முழித்தாள். அண்ணாச்சி நல்ல மனுஷன் என்றாள். ஆமா, நல்ல மனுஷன் என்றாள் பக்கத்தில் இருந்தவள். ரொம்ப நல்ல மனுஷன் என்று இன்னொருத்தி முடித்தாள். மாரில் அடிக்கப் பழகின கைகள் தாமாக எழும்பி, ஞாபகம் வந்து மடியில் விழுந்தன. அவிழ்த்த கொண்டையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒவ்வொருத்தியாக அள்ளி முடிய ஆரம்பித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கதவுக்குப் பின்னால் இருந்தவருக்கு அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு மனுஷன் இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்ததற்கு இரண்டு வார்த்தைதானா மிச்சம்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து அந்த எண்ணெய் போடாத குரல் கேட்டது.

"எம் மூத்த பிள்ள செத்துப்போன வருசம்" என்றாள் அம்மா. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ளையும் போயி, வீட்ல சொன்ன சொல்லும் சேந்து, எனக்கு இருக்கப் பிடிக்கல. ஒருநா மத்தியானம் எல்லாரும் பருத்தி எடுக்கப் போயிட்டாவ. நா கடைக்குப் போயி எலிப் பாசாணம் கேட்டேன். டப்பா எங் கண்ணு முன்னாலதான் இருந்துச்சு. அண்ணாச்சி டப்பாவப் பாத்தாவ, என்னயப் பாத்தாவ. தீந்துபோச்சு தாயி, நாளைக்கு வான்னாவ."

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான், நான் பிறப்பதற்கு முன்னாலேயே காய்ச்சலில் போய்விட்டான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அம்மா இத்தனை பேர் முன்னால் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. மறுநாளும் அவள் போயிருக்கிறாள். அன்றைக்கும் நாளைக்கு வா என்றிருக்கிறார் ராவுத்தர். வந்ததுதான் வந்தாய், இந்த மல்லியில் கல் கிடக்கிறது, உள்ளே உன் மைனி இருக்கிறாள், அவளோடு உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போ என்றிருக்கிறார். அதற்கு மறுநாள் உளுந்து. அப்புறம் வத்தலுக்குக் காம்பு கிள்ள. தினமும் அம்மா போய்க் கேட்பாள். தினமும் பாஷாணம் தீர்ந்திருக்கும், உள்ளே ஏதாவது ஒரு வேலை காத்திருக்கும்.

"எத்தன நா போனேன்னு தெரியல. ஒருநா போனவ, கேக்க மறந்துட்டேன்" என்றாள் அம்மா. "மல்லிய மட்டும் பொறுக்கிக் குடுத்துட்டு வந்துட்டேன். பெறகுதான் இவ வயித்துல வந்தா."

இவ என்றது என்னை. என் பேச்சு வந்ததும் எல்லார் கண்ணும் என்மேல் விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. எனக்கு அந்தக் கதையில் ஒரு சந்தேகமும் இருந்தது. "நம்ம வீட்ல எலியே கெடையாதேம்மா, பூனதான இருக்கு" என்றேன்.

நான் இப்படி ஏதாவது சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் பெரியம்மா தொடையில் நிமிண்டுவாள். அன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெரியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. தலையைக் குனிந்து, முடிந்து முடித்த கொண்டையை மறுபடி அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டிருந்தாள். பிள்ளையைப் பேணத் தெரியாத மூதேவி என்று அந்த வருஷம் அம்மாவைச் சொன்னது அவள்தான் என்று எனக்குத் தெரிய இன்னும் எத்தனையோ வருஷம் ஆக வேண்டியிருந்தது. யார் சொன்னது என்று அம்மா அன்றைக்குச் சொல்லவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து ராவுத்தரம்மாவின் குரல் வந்தது. "அந்த டப்பாவ எங்கிட்டதான் குடுத்தாவ. கொல்லையில ஆழமாக் குழி தோண்டிப் பொதைன்னாவ. வித்துத் தின்னுத சரக்க எவனாச்சும் பொதைப்பானான்னு நா சண்ட போட்டேன். ஏன்னு கேட்டேன். கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

அந்தப் பேச்சு பாதியிலேயே உடைந்து அழுகையாகிவிட்டது. ராகமும் இல்லை, சத்தமும் இல்லை. மூச்சு மட்டும் திணறித் திணறி வெளியே வந்தது. தம்பிக்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய், முற்றத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் போனதும் ராவுத்தரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, தன் பழைய இடத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப்பிறகு ஊருக்கு வாய் திறந்துவிட்டது. ராத்திரியில் பிரசவ வலி கண்டவளுக்கு ராவுத்தர் வண்டி கட்டிக் கொடுத்ததை ஒருத்தி சொன்னாள். பெண்ணுக்குக் கல்யாணம் பேச வந்தவர்களிடம் தன் வீட்டுப் பெண் மாதிரி அவர் பேசிக்கொடுத்ததை ஒருத்தி சொன்னாள். சாமிக்கு வாங்கின வெல்லத்தில் எறும்பு இருந்தது என்று அவரோடு சண்டை போட்டதைச் சொல்லி, சொல்லும்போதே ஒருத்தி அழுதுவிட்டாள். பொய் ஒன்றுமில்லை, தர்மப்பிரபு ஒருத்தருமில்லை. கடையில் உட்கார்ந்திருந்த ராவுத்தரே வந்துபோனார். ராவுத்தரம்மா ஒவ்வொன்றையும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்து, தொழுவத்துக்கு மாடு திரும்பும் சத்தம் கேட்டபிறகுதான் எல்லாரும் எழுந்தோம்.

வீட்டுக்கு வரும் வழியில் பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர்கள் இரண்டு பேரும் அப்படி நடந்து நான் பார்த்ததே கிடையாது. பிடித்த கையைப் பெரியம்மா விடவே இல்லை. அம்மா கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. மழைக்கப்புறம் பாதையெல்லாம் நெருஞ்சி படர்ந்து கிடந்த சமயம். அம்மா காலில் முள் ஏறிவிட்டது, நடக்க முடியாமல்தான் பெரியம்மா கைத்தாங்கலாகக் கூட்டிவருகிறாள் என்று எனக்குப் பட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் அம்மாவைப் பிடித்து உட்காரவைத்தேன். அவள் பாதத்தைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பி முள்ளைத் தேடினேன். வெடித்துக் காய்த்துப்போன பாதம். முள் இல்லை என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் காலைக் கொடுத்துவிட்டு என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணையும் காணமேம்மா" என்றேன்.

"நல்லாப் பாரு ஏட்டி" என்றாள்.

நான் மறுபடியும் குதிகாலிலிருந்து தேட ஆரம்பித்தேன்.