தெருமுனையில் நின்றவன்

சபையாரே, நான் தைரியசாலி இல்லை. பல்லி மேலே விழுந்தாலே அலறுகிறவள். அப்படிப்பட்டவளை ஆண்டவர் எப்படிக் காப்பாற்றினார் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. ஊரப்பாக்கத்தில் தண்ணீருக்கு தினமும் அடிதடி. எங்கள் தெரு அடிபம்பில் வரிசையை மீறிக் குடம் வைத்த சேகரை என் வீட்டுக்காரர் தட்டிக் கேட்டார். அவன் நல்ல போதையில் இருந்தான். பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து அடித்தான். என் கண்ணெதிரே அவர் விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாட்சி சொல்ல நான் ஒருத்திதான்.

சேகர் ஜாமீனில் வந்தான். பக்கத்துத் தெருக்காரன்தான். தினமும் எங்கள் தெருமுனையில் வந்து நிற்பான். பேச மாட்டான். என் வாசலையே பார்ப்பான். ஐயோ, அந்தப் பயத்தை எப்படிச் சொல்வேன்! மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. சோறு தொண்டையில் இறங்கவில்லை. என் அக்கா, "ஒண்ணும் பாக்கலன்னு கோர்ட்ல சொல்லிடுடி. போனவரு போயிட்டாரு, நீயாவது உயிரோட இரு" என்று அழுதாள். "ஆண்டவரே, அவனை எடுத்துப்போடும்" என்பதுதான் என் ஜெபம். அவன் செத்தாலும் சரி என்றே கேட்டேன்.

சாட்சி சொல்லும் நாள் நெருங்கியது. தாம்பரத்தில் உபவாச ஜெபத்துக்குப் போனேன். பாஸ்டர், "பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிங்க. அவங்க பாரத்தைக் கேட்டு, அவங்களுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். என் பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு அம்மா. சபைக்குப் புதியவர், அதற்கு முன்னால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்ததுமே குமுறி அழுதார்.

"எம்புள்ள சேகரு ஒரு உசுர எடுத்துட்டாம்மா. சோறு துன்ன மாட்றான். அந்தப் பொண்ணு கால்ல வுழணும்னு தெனம் அவ வூட்டாண்ட போறான். வாய் வராம நின்னுகினு திரும்பி வர்றான். கோர்ட்ல அவன் உண்மைய சொல்லணும். ஜெபம் பண்ணும்மா."

கையை உருவிக்கொண்டு ஓடப் பார்த்தேன். அவர் விடவில்லை. சுற்றிலும் எல்லாரும் சத்தமாக ஜெபிக்கிறார்கள். கடைசியில், "ஆண்டவரே, அவன் உண்மையைச் சொல்லட்டும்" என்றேன். முழு மனதோடு சொன்னேன் என்று புளுக மாட்டேன். நடுங்கிக்கொண்டுதான் சொன்னேன். நான் யார் என்று அவரிடம் சொல்லவும் இல்லை.

செங்கல்பட்டு கோர்ட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பெயரைக் கூப்பிட்டதும் சேகர் ஜட்ஜைப் பார்த்துக் கைகூப்பினான்.

"சார், அந்த அக்காவ கூண்டுல ஏத்தாதீங்க. சாராயம்தான் அடிக்க வெச்சிதுன்னு எங்க வக்கீல் சொல்றாரு. சாராயத்துக்கு கை கீதா சார்? அடிச்சது என் கை."

அவனுடைய வக்கீல், "சும்மா இருய்யா!" என்று அதட்டினார். அவன் நிறுத்தவில்லை. நடந்தது அத்தனையும் சொன்னான். ஜெயிலுக்குப் போனான். வெளியே அவன் அம்மா என்னைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது அவருக்கு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என் புருஷன் திரும்பி வரப்போவதில்லை. அடிபம்புச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் உடம்பு உதறுகிறது. ஆனால் பொய் சொல்லாமல் பிழைத்தேன். மகள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். ஸ்தோத்திரம்! பயந்திருக்கிறவர்களே, பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே அவரிடம் வாருங்கள்.

இப்போது பாஸ்டர் கையைப் பிடிக்கச் சொல்லுவார். நான் யார் கையைப் பிடிப்பேன் என்று பாருங்கள். சேகருடைய அம்மா இதோ, என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.