சுவிட்சைத் தேடிப் போகும் கை

செம்பாக்கத்து வீட்டில் அப்பாவின் கை சும்மாவே இருக்காது. எந்த அறையிலிருந்து வெளியே வந்தாலும் சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் வரும். உள்ளே ஆள் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காது. சோப்பு நுரையோடு இருட்டில் நின்று நான் கத்தினால், "கரண்ட் பில்லுக்கு நீயா அழப்போறே?" என்பார். அம்மா மட்டும் சளைத்தவளா? பற்பசை டியூபைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி, அதுவும் முடிந்தால் கத்தரியால் வெட்டி வழித்துத் தருவாள்.

அக்காவுக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது. "எனக்கு வர்றவரு கஞ்சப் பிசினாறியா மட்டும் இருக்கக் கூடாது. என் வீட்ல எல்லா லைட்டும் எரியும், பார்த்துக்கோ" என்பாள் என்னிடம்.

ஒருநாள் விளக்கு வைத்த பிறகு, கோவிலம்பாக்கத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அப்பா. இந்த இடம் எப்படியாவது அமைந்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரே தவிப்பு. "இன்னிக்கு ஒரு நாளாவது உங்க கையக் கட்டிப் போடுங்க" என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாள். அவரும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார், பாவம்.

அக்கா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "ஸ்வீட் எடுத்துட்டு வரேன்" என்று அப்பா எழுந்தார். கூடத்தைத் தாண்டும்போது டக், டக். டியூப்லைட்டும் போச்சு, ஃபேனும் போச்சு. வந்தவர்கள் மூவரும் காபி டம்ளரோடு இருட்டில்!

"கரண்ட் போயிடுச்சா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அடுக்களையில் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அம்மா ஓடிவந்து மறுபடி சுவிட்சைப் போட்டாள். அப்பா முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்தார்கள். கெட்டது காரியம் என்று நினைத்தேன்.

எல்லோரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை கடைசியாகக் கூடத்திலிருந்து வந்தார். அவர் கை தன் போக்கில் சுவருக்குப் போனது. டக், டக்.

கூடம் இருண்டது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வூட்லயும் இவனோட ஒரே பேஜாருங்க" என்று அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா முகத்தில் அப்படியொரு மலர்ச்சி!

அடுக்களையில் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா பதறிப்போய் உள்ளே ஓடினாள்.

"ஏண்டி, அவங்க காதுல விழப்போவுது!"

"விழட்டும்மா. அப்பாவ விட்டுட்டு எப்படி இருப்பேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். சரின்னு சொல்லிடு."