பாட்டுக்காரன் நடிச்ச கௌபாய் படமும் ராசன் அண்ணையும்

ராசன் அண்ணை மோசம் போயிட்டார். நேற்று விடிய... ஹார்ட் அட்டாக். அவரின்ரை மகள் ஃபோன் பண்ணிச் சொன்னா.

மொன்றியலிலை, கோட்-டெ-நெய்ஜ் பக்கம் தமிழ் வீடியோக் கடை வைச்சிருந்தாரே, அவர்தான். டிவிடி வர முந்தி நான் அவரிட்டை ரெண்டு வருசம் வேலை செய்தனான்.

செத்த வீட்டுக்காரருக்கு முப்பத்தொண்டாம் நாள் துடக்கு முடியுமட்டும் படம் குடுக்கமாட்டார். ஒருத்தர் வந்து "சாமிப் படமாவது தாங்கோ அண்ணை" எண்டு கெஞ்சினவர். "அதிலையும் டான்ஸ் இருக்கு, பேந்து வாங்கோ" எண்டு அனுப்பிவிட்டார். யாவாரம் தெரியாத மனிசன்.

கடை முழுக்கத் தமிழ்ப் படம். ஆனா அவருக்கெண்டு ஒரேயொரு இங்கிலிஷ் கசெட். பழைய கௌபாய் படம், டிவியிலை போகேக்கை தானே ரெக்கோர்ட் பண்ணினது. அவருக்கு விசர்ப் பிடிச்ச ஒரு பாட்டுக்காரன் முதன்முதலா நடிச்ச படம்.

ஞாயிறு பின்னேரம் அதைப் போடுவார். தேத்தண்ணியும் கையுமா நானும் பாக்கவேணும். முடியிறதுக்குள்ளை ஆராவது வந்திடுவினம், நான் கடைசிமட்டும் பாத்ததே இல்லை.

"உவனைப் பார், துவக்கை மைக் மாதிரிப் பிடிக்கிறான்" எண்டு சிரிப்பார். நான் சிரிச்சாக் கோவம் வந்திடும். "முதல் படமடா! நீ நடிச்சுக் காட்டு பாப்பம்!"

ஒருநாள் ஒரு அக்கா, மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோவுக்கு அவசரமாக் கொப்பி கேட்டா. மெஷினுக்குள்ளை என்ன கிடக்கெண்டு பாக்காமல் ரெக்கோர்ட்டை அமத்திட்டன். உள்ளை கிடந்தது அண்ணையின்ரை கௌபாய்.

கடைசிக் கால் மணித்தியாலம் போச்சு. துவக்குச் சண்டை நடக்கவேண்டிய இடத்திலை ஒரு மாமி பிள்ளையின்ரை தலையிலை பாலறுகு வைக்கிறா.

சொல்ல வாய் வரேல்லை. அகதிக் கேஸ் இழுபட்ட நேரம், அந்த வேலையும் போனா நான் எங்கை போறது? கசெட்டைப் பழைய இடத்துக்குச் சுத்தி வைச்சிட்டுப் பேசாமல் இருந்திட்டன்.

அடுத்த கிழமை... மனிசன் திங்கள் விடியவே தனியப் போட்டுப் பாத்தவரோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஞாயிறு வழமைபோலப் போட்டார். அந்த இடம் வர ஒரு நிமிசம் முந்தி ரிமோட்டை அமத்தினார்.

"போதும். இனி இவன் சாகப்போறான். என்னாலை பாக்கேலாது."

அப்பாடா எண்டு இருந்தது. அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே இடம், அதே கதை. என்ரை நல்ல காலம் எண்டுதான் நினைச்சன்.

"பாட்டுக்காரன் எண்டுறியள், ஒரு பாட்டையும் காணேல்லையே அண்ணை" எண்டு ஒருக்காப் பகிடி விட்டனான். "நடிக்க வந்தவன் ஏன்ரா பாடவேணும்?" எண்டார்.

பேந்து கேஸ் முடிஞ்சு பேப்பர் கிடைச்சுது, வேற வேலைக்குப் போயிட்டன். போன மாசமும் அவரை மெட்ரோவிலை கண்டனான். சொல்லுவம் எண்டு வாயைத் திறந்தன்... அவரின்ரை ஸ்டேஷன் வந்திட்டுது.

நேற்று லைப்ரரியிலை தேடி அந்தப் படத்தை டிவிடியிலை எடுத்தன். நான் சொந்தக்காரன் இல்லை, எனக்கு முப்பத்தொண்டு இல்லை. பின்னேரமே போட்டுப் பாத்தன்.

பாட்டுக்காரன் சாகேல்லை.

ஒரு காயம்கூட இல்லை. துவக்கை இடுப்பிலை செருகிப்போட்டு, குதிரையிலை ஏறி, முழுப் பாட்டொண்டு பாடிக்கொண்டு போறான். படத்திலை இருக்கிற ஒரே பாட்டு அதுதான். அப்பிடியொரு குரல்.

அண்ணைக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. எனக்கு வெக்கமாக் கிடக்கு.

சனிக்கிழமை பார்வைக்கு வைக்கினமாம். தெரிஞ்ச ஆக்கள் வாங்கோ.

நான்தான் அண்ணை அந்தக் கசெட்டை அழிச்சது.

போயிட்டு வாங்கோ.