அண்ணனுக்கு விலை போடாத கணக்கு

சூசை சார் போய்விட்டார்... காலையில் தருமபுரத்தில் அவர் வீட்டிலிருந்து போன். நாளைக்கு மாதா கோயிலில் பூசை முடிந்து அடக்கமாம்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் பண்ணுகிறாள். எங்கள் பழைய கம்பெனி ஆட்கள் யாராவது பேஸ்புக்கில் இருந்தால் பார்க்கட்டும். இருக்கிறார்களோ என்னவோ.

சூசை சார் கம்பெனியின் அக்கவுண்டன்ட். காரைக்கால் டவுனில் ஜவுளிக்கடை, காரைக்கால்மேட்டில் கருவாட்டுக் களம், சிங்கப்பூரில் ஒரு கடை... எல்லாம் ஒரே குடும்பத்துடையது. சிங்கப்பூர்க் கடையை முதலாளியின் அண்ணன் பார்த்துக்கொண்டார். நான் களத்தில் மூட்டை தூக்கியவன்.

எண்பத்தேழு தை மாசம் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பெட்டியைத் தலையில் வைத்து மாடி ஏற்றியவன் நான்தான். இறக்கி வைத்ததும் மெட்ராஸிலிருந்து வந்த பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெளிய போங்க, கருவாட்டு வாசனை மிஷினுக்கு ஆகாது" என்றான்.

"மிஷினுக்கு மூக்கு எங்க தம்பி இருக்கு? காட்டுங்க பாப்போம்" என்றார் சூசை சார்.

அப்புறம் கரண்ட் போனால் ஜெனரேட்டர் போட என்னை அந்த ரூம் வாசலிலேயே உட்கார வைத்தார்கள். உள்ளே அந்தப் பையனும் சாரும் பேசியதெல்லாம் காதில் விழுந்தது. இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது...

"முதல்ல யூனிட் சொல்லுங்க சார். ஒவ்வொரு இடமும் தனித்தனி யூனிட். அப்புறம் எதுக்கு என்ன கரன்சின்னு சொல்லணும்."

"கடைக்கு ரூபா. களத்துக்கு ரூபா. சிங்கப்பூருக்கு டாலர். பிராங்க் ஒண்ணும் சேத்துக்குங்க."

"பிராங்க்கா? அது எதுக்கு சார்?"

"இது காரைக்கால் தம்பி. முதலாளியோட மச்சான் பாரீஸ்ல இருக்காரு. கைலி, வேட்டின்னு எடுத்துக்கிட்டே இருப்பாரு. அவருக்கு பில் பிராங்க்லதான்."

"சரி. களத்துலேந்து சிங்கப்பூர் யூனிட்டுக்குச் சரக்கு போகுதே, அதுக்கு என்ன விலை?"

அப்படி ஒரு விலை எங்கள் கம்பெனியில் கிடையாது. கருவாட்டை அண்ணனுக்கு அனுப்புவார்கள். அவர் விற்பார். வீட்டில் கல்யாணம், கட்டடம் என்றால் அங்கிருந்து பணம் வரும்.

சூசை சார் முதலாளியிடமே போய்க் கேட்டார். முதலாளி முதலில் சிரித்தார், அப்புறம் கோபம் வந்துவிட்டது.

"எங்க அண்ணனுக்கு நான் விலை போடுறதா? என்னைய வளத்து ஆளாக்குன மனுசன்யா. மச்சானுக்கு பில் உண்டு, அண்ணனுக்குக் கிடையாது. சைபர் போடு."

"சைபர் போட்டா களம் எப்பவும் நஷ்டத்துல நிக்கும் சார்" என்றான் மெட்ராஸ் பையன்.

"நிக்கட்டும் தம்பி. காயிதத்துலதானே..."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார் சார்.

களத்தில் மீனுக்கு உப்பு போடும் பெண்களுக்கெல்லாம் தலைவி அஞ்சலையம்மா. சார் சைக்கிளில் வந்தால் விடாது.

"ஏஞ் சார், அந்தப் பொட்டிக்குள்ள எங்க களமும் இருக்காமே?"

"இருக்கும்மா. தனிப் பேரு போட்டு வச்சிருக்கேன்."

"எம் பேரையும் ஒரு ஓரமாப் போட்டு வைங்களேன். தேஞ்சா போயிரும்?"

களமே சிரித்தது அன்றைக்கு.

அடுத்த வருஷம் முதலாளி திடீரென்று போய்விட்டார். மெட்ராஸில் படித்த மகன் வந்து உட்கார்ந்தார். நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குக் களம் தெரியாது. காகிதம்தான் தெரியும்.

"உப்பு, கூலி, லாரின்னு செலவா இருக்கு. இந்த யூனிட்ல ஒரு காசு வரவு இல்லியே சார்?"

"களத்து வரவுதான் தம்பி சிங்கப்பூர்ல போயி நிக்குது. அப்பா விலை போட வேணாம்னுட்டாரு. அடுத்த மாசத்துலேந்து ஒரு விலை போட்டுருவோம், சரியாயிரும்."

அன்று சாயங்காலமே மகன் சிங்கப்பூருக்கு போன் போட்டார். நானும் சாரும் எதிரே நின்றோம். போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"விலை குடுத்து வாங்குறதுன்னா தாய்லாந்துலயே வாங்கிக்கிறேங்கிறாரு பெரியப்பா."

அந்த அண்ணனுக்குத்தான் சைபர் போட்டது.

நஷ்டக் களம் எதுக்கு என்றுவிட்டார் மகன். களத்து மனையை வாங்க ஆள் வந்தது. விற்றுவிட்டார்கள்.

கடைசி நாள் சார் களத்துக்கு வந்தார். அவர் வர வேண்டிய அவசியமே இல்லை. பெண்கள் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றார்கள். யாரும் அழவில்லை.

அஞ்சலையம்மாதான் கேட்டது.

"பொட்டிக்குள்ள தனிப் பேரு போட்டு வச்சிருக்கேன்னீங்களே சார்... அதுல நாங்க என்னவா இருந்தோம்?"

சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஏறவில்லை.

அப்புறம் அவரவர் ஒரு பக்கம். அஞ்சலையம்மா திருநள்ளாறில் லாட்ஜ் கட்டுமிடத்தில் கலவை சுமந்தது. இடுப்பு ஒடிந்து படுத்தது, எழுந்திருக்கவில்லை. நான் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். களம் இருந்த இடத்தில் காம்பவுண்ட் சுவர். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது.

சாரைக் கோயில் வாசலில் எப்போதாவது பார்ப்பேன். ஒரே கேள்விதான் கேட்பார்.

"கலியா, காரைக்கால்மேட்டுப் பக்கம் போனியா?"

"இல்லீங்க சார்."

"நானும் போகல."

போன மாசம் பார்த்தபோதும் அதேதான். ஆள் பாதியாகியிருந்தார்.

நாளைக்கு வருகிறேன் சார், கால் ஒத்துழைத்தால். கம்பெனியிலிருந்து வேறு யாரும் வருவார்களா, தெரியவில்லை.

அஞ்சலையம்மா உங்களுக்கு முன்னாடியே போய்விட்டது. பார்த்தால் விடாது, கடைசி நாள் கேட்டதையேதான் கேட்கும்... என்ன சொல்லப் போகிறீர்களோ.

போய் வாங்க சார்.