கூட வந்தவர் யார்?

பட்டு நூல் சுற்றும் கூலியில் தனியாக வாழ்ந்த எனக்கு மருத்துவக் காப்பீடு எட்டாக்கனி. குடல்வால் வீங்கியபோது, "இன்சூரன்ஸ் இல்லன்னா அட்வான்ஸ் கட்டுங்கம்மா" என்றது தனியார் மருத்துவமனை. வலியோடு அரசு மருத்துவமனைக்குத் தனியாகவே பஸ் ஏறினேன்.

"கூட யாருமா வந்துகிறாங்க? ஆள் இல்லாம ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டாங்க" என்றார் நர்ஸ்.

பக்கத்துக் கட்டிலில் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்த முஸ்லிம் பெண் எழுந்து வந்தார். "நான் இருக்கேன்மா. எங்க அக்காதான் இவங்க."

ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது அவர் ஈரத்துணியால் என் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஈரத்திலேயே மறுபடி தூங்கிப்போனேன். எழுந்தபோது மாமியாரை வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்.

சில வருடங்கள் கழித்து, நெசவுத் தொழிலாளர்களுக்கான மலிவான காப்பீட்டில் சேர்ந்தேன். "நாமினி யாரும்மா?" என்று கேட்டார்கள். அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. பெயரை நான் கேட்டதே இல்லை.