மிச்சியோ எடுத்துக் கொடுத்த கவச வண்டி

டவுன் பஸ் ஓட்டிய தெத்சுரோ ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து அவர் மனைவி மிச்சியோவுக்கு மூச்சு விட இடமில்லை. அடுப்படிக்குப் போனால் பின்னால் நிற்பார். துணி காயப்போடப் போனால் கிளிப் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவார். "எங்க போற? எப்ப வருவ? மதியத்துக்கு என்ன?" பால்குடி மறக்காத பூனைக்குட்டி கூட இப்படிக் காலைச் சுற்றாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் கேள்வி கேட்க ஆளில்லாத ஒரே ஒரு பகல்.

துண்டு துண்டாக வாங்கி ஒட்டும் பிளாஸ்டிக் மாடல்களுக்குப் பேர்போன ஷிசுவோகாவில் பிறந்தும், ஒன்றைக்கூட ஒட்டிப் பார்க்காத ஆள் தெத்சுரோ. ஒரு டாங்கி மாடலைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடலாம் என்று அவரை மாடல் கடைக்கு இழுத்துப் போனாள்.

அங்கேயும் அவருக்குக் கால் தரிக்கவில்லை. ஒரு பெட்டியை எடுப்பார், வைப்பார், திரும்பி வந்து அதையே எடுப்பார். கடைசியில் இருப்பதிலேயே பெரிய பெட்டியைக் கட்டிப்பிடித்தார். அட்டையில் ஜெர்மன் டாங்கி, சுற்றிலும் தீயும் புகையும்.

கடைக்காரர் ஒய்ஷி தலையைச் சொறிந்தார். "அண்ணே, முதல் தடவைக்கு இது வேணாமே. சக்கரத்தைச் சுத்தி வர்ற சங்கிலிப் பட்டையை ஒவ்வொரு கண்ணியா ஒட்டணும்."

மிச்சியோ மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். உள்ளே அரிசி போலப் பொடித் துண்டுகள்.

"என்னங்க, ரெண்டு இறால் உரிக்கச் சொன்னாலே எழுந்து ஓடுவீங்க. இதை வாங்கினா பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பிரிக்காமலே அடுக்க வேண்டியதுதான். அந்த வீட்டுல குளிக்கிற தொட்டி வரைக்கும் பெட்டி."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டி நான்!"

"ஓட்டினீங்க. ஒட்டினீங்களா?"

ஒய்ஷி இருமிச் சிரிப்பை மறைத்தார். மிச்சியோ கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். உள்ளங்கையளவு கவச வண்டி. சங்கிலி கிடையாது, நாலு சக்கரம்தான்.

"இதுக்கு டயர் இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச சாமான்."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் பெட்டியைக் கையை விட்டு இறக்கவில்லை.

வீட்டில் முதல் சக்கரத்தை அவர் உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டினார். பொறுக்கமாட்டாமல் அவள் பிடுங்கிச் சரிசெய்தாள். அடுத்ததையும் அவளே மாட்டினாள். சோறு பொங்கி வழிந்தது கூட அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவர் மேசையை விட்டு நகரவில்லை. அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது எங்கே என்று கூடக் கேட்கவில்லை. அப்பாடா என்று ஆற்றங்கரைத் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தாள். தேநீர் வந்தது, ஆறியது. மனசு மட்டும் வீட்டு மேசையிலேயே சுற்றியது. வண்டியின் மேலே இருக்கும் பீரங்கிக் கூண்டை ஒட்டக் கூடாது, சும்மா செருகி வைத்தால்தான் சுழலும் என்று ஒய்ஷி படித்துப் படித்துச் சொன்னாரே. இந்த மனுஷன் காதில் விழுந்திருக்குமா? பாதித் தேநீரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

வண்டி முழுசாக நின்றது. கூண்டைத் தொட்டுத் திருப்பினாள். அசையவில்லை. பசை போட்டு ஒட்டியிருந்தார், அதுவும் பீரங்கி பின்பக்கம் பார்க்கும்படி.

"அவசரத்துல திரும்பிப் போச்சு," என்றார் தெத்சுரோ.

"பொருத்தம்தான். உங்களை மாதிரியே, எந்நேரமும் பின்னாடி யாரு போறா, வர்றான்னு பார்த்துக்கிட்டு." கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள்.

"இப்ப எங்க போற?"

"கடைக்கு. எனக்குன்னு தனியா ஒண்ணு வேணும். அதுல மட்டும் கை வெச்சுப் பாருங்க, தெரியும்."

"இரு, நானும் வரேன்," என்று அவர் எழுந்தார்.